கோச் கண்டிப்பானவராக இருக்கலாமா? விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடகளம் சொல்லிக்கொடுப்பவன் நான். பயிற்சியைப் பற்றி வருவதைவிடப் பயிற்சியாளரைப் பற்றித்தான் எனக்குக் கேள்விகள் அதிகம் வருகின்றன. பெரும்பாலும் பெற்றோர் கேட்பவை. சில, புதிதாகக் கோச்சிங் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் கேட்பவை. அடிக்கடி வரும் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். தடகளத்தோடு நிற்காமல் கூடைப்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ், செஸ் என்று உதாரணங்கள் எங்கெங்கோ போகும்.

கண்டிப்பான கோச் நல்லவரா, அன்பான கோச் நல்லவரா?

குரல் எவ்வளவு உயர்கிறது என்பதை வைத்து ஒரு கோச்சை எடை போட முடியாது. பிள்ளை ஒரு தப்பு செய்ததும் அடுத்த சில நொடிகளில் அவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கிறதா, இல்லை பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு மட்டும்தானா? "முழங்காலை இன்னும் தூக்கு" என்பது விவரம். "நீயெல்லாம் எதுக்கு வர்றே?" என்பது தீர்ப்பு. முதலாவதை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் பிள்ளை தாங்கிக்கொள்ளும். இரண்டாவதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது உள்ளே போய்த் தங்கிவிடும்.

இதற்கு நல்ல சாட்சி ஜான் வுடன். அமெரிக்காவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் கோச். 1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள் வென்றவர். அவருடைய கடைசி சீசனில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கல்லிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அணியின் பயிற்சிகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அவர் வாயிலிருந்து வந்ததையும் செய்து காட்டியதையும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். நிறையப் பாராட்டுவார், இல்லாவிட்டால் நிறையத் திட்டுவார் என்றுதானே நமக்குத் தோன்றும்? இரண்டும் இல்லை. சுமார் 75 சதவீதம் வெறும் விவரம்: எதைச் செய், எப்படிச் செய், எவ்வளவு வேகமாகச் செய். தனிப் பாராட்டு 7 சதவீதத்தைத் தொடவில்லை. வெறும் திட்டும் ஏறக்குறைய அதே அளவுதான்.

திட்ட வேண்டியிருந்தால் அதோடு திருத்தமும் சேர்ந்தே வரும். சரியான முறையைச் செய்து காட்டுவார், பையன் செய்த தப்பை அப்படியே செய்து காட்டுவார், மறுபடியும் சரியானதைச் செய்து காட்டுவார். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் கண்டிப்பான மனிதர்தான். கொப்புளம் வரக் கூடாது என்பதற்காகக் காலுறையைச் சுருக்கம் இல்லாமல் எப்படிப் போடுவது என்பதிலிருந்து தொடங்கியவர் அவர். இரண்டு மணி நேரப் பயிற்சிக்குக் காலையில் அதே அளவு நேரம் உட்கார்ந்து திட்டம் போட்டவர். அந்தத் தயாரிப்பு இல்லாத கண்டிப்பு வெறும் சத்தம்.

நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். திட்டினால் அடுத்த தடவை நன்றாகச் செய்கிறான், பாராட்டினால் சொதப்புகிறான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் பார்த்தது உண்மை. அதற்கு நீங்கள் கண்டுபிடித்த காரணம்தான் தப்பு.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் என்ற உளவியலாளர், இளமையில் இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். பாராட்டுதான் நல்ல பலன் தரும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அனுபவமுள்ள ஒரு பயிற்சியாளர் எழுந்து இதே வாதத்தை வைத்தார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை தேறுகிறான், ஆகவே பாடம் எடுக்க வராதீர்கள் என்றார். கானமனுக்கு அந்த இடத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. ஒருவன் தன் வழக்கமான தரத்தைவிட மிக மோசமாகச் செய்தால், அடுத்த முறை பெரும்பாலும் வழக்கத்துக்குத் திரும்புவான். மிகப் பிரமாதமாகச் செய்தாலும் அப்படித்தான். திட்டினாலும் திட்டாவிட்டாலும் அது நடக்கும்.

நீளம் தாண்டுதலில் வழக்கமாக ஐந்து மீட்டர் தாண்டும் பையன் ஒரு முறை நாலரை மீட்டர்தான் தாண்டுகிறான். கோச் கத்துகிறார். அடுத்தது ஐந்து மீட்டர். கோச்சுக்குத் தன் கத்தலில் நம்பிக்கை வந்துவிடுகிறது. கத்துகிற பழக்கம் நம் மைதானங்களில் இத்தனை உறுதியாக நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். சோதித்துப் பார்க்க விரும்பினால், பத்து மோசமான தாண்டல்களுக்கு வாயைத் திறக்காமல் இருந்து, அடுத்தடுத்த அளவுகளைக் குறித்துவையுங்கள். வாயை மூடுவதுதான் அதில் கஷ்டமான பகுதி.

கோச் நடந்துகொள்ளும் விதம் பிள்ளையை மாற்றும் என்பதற்கு ஆதாரம் உண்டா, இல்லை எல்லாம் அபிப்பிராயம்தானா?

உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் இருவரும் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளை 1970-களிலிருந்து ஆராய்ந்தார்கள். சீசன் தொடங்கும் முன் சில கோச்சுகளுக்கு இரண்டரை மணி நேரம் போல ஒரு வகுப்பு நடத்தினார்கள். முயற்சியைப் பாராட்டுங்கள், தப்பு செய்தால் முதலில் தைரியம் சொல்லி அப்புறம் திருத்துங்கள், அவமானப்படுத்தாதீர்கள், இப்படி எளிய விஷயங்கள்தான். மற்ற கோச்சுகள் வழக்கம்போல நடந்துகொண்டார்கள்.

1992-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், வகுப்பு எடுத்துக்கொள்ளாத கோச்சுகளிடம் விளையாடிய சிறுவர்களில் 26 சதவீதம் பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. வகுப்பு எடுத்துக்கொண்டவர்களிடம் விளையாடியவர்களில் அது 5 சதவீதம்தான். இரண்டு பக்கமும் வெற்றி தோல்விக் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஜெயித்த அணியில் இருந்ததால் பிள்ளைகள் தங்கினார்கள் என்று சொல்ல வழியில்லை. அதிகப் பலன் அடைந்தவர்களும் ஏற்கெனவே தன்னம்பிக்கை குறைவாக இருந்த பிள்ளைகள்தான்.

நம் ஊரில் எட்டாம் வகுப்பு வரை கிரவுண்டில் துள்ளிய பிள்ளைகளில் பாதிப் பேர் பத்தாம் வகுப்பில் காணாமல் போகிறார்கள். "படிப்பு" என்று காரணம் சொல்கிறோம். எல்லாப் பிள்ளைக்கும் அது படிப்புதானா என்று ஒரு முறை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

ஒரே கோச்தான். அவரிடம் மூத்தவள் நன்றாக வந்தாள், இளையவன் வாடிப்போகிறான். ஏன்?

இதைப் பற்றி உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் கோட்பாட்டைக் கொடுத்தவர் பாக்கியநாதன் செல்லதுரை. இந்தியாவிலிருந்து கனடா சென்று, பிறகு அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். விளையாட்டுத் தலைமையை அளக்க அவரும் சாலே என்பவரும் 1980-இல் உருவாக்கிய 40 கேள்விகள் கொண்ட அளவுகோலைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். கற்பிக்கும் விதம், முடிவுகளில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது, அதிகாரம் செய்வது, பிள்ளையின் நலனில் அக்கறை, பாராட்டு என்று ஐந்து விஷயங்களை அது பார்க்கிறது.

செல்லதுரையின் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால், மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்: அந்த விளையாட்டும் சூழலும் கேட்கும் கோச்சிங், அந்த வீரர் விரும்பும் கோச்சிங், கோச் உண்மையில் கொடுக்கும் கோச்சிங். மூன்றும் நெருங்கி இருந்தால் திருப்தியும் வரும், ஆட்டமும் வரும். உங்கள் மூத்தவளுக்குச் சுருக்கமான கட்டளை பிடிக்கலாம். இளையவனுக்கு ஏன் என்று காரணம் தெரிந்தால்தான் கால் நகரலாம். அவன் சோம்பேறி இல்லை. கோச்சும் கெட்டவர் இல்லை. நல்ல கோச்சாக இருந்தால் இதைச் சொன்னதும் தன் முறையை அவனுக்காகக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பார்.

அடிக்கலாமா?

கூடாது. "எங்க பி.டி. சார் அடிச்சு அடிச்சுத்தான் நாங்க ஸ்டேட் ஆடினோம்" என்று சொல்பவர்களை எனக்கும் தெரியும். அதே அடியில் விளையாட்டை விட்டவர்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை, ஏனென்றால் அவர்கள் கிரவுண்டுப் பக்கமே வருவதில்லை.

செல்போனைப் பிடுங்கி வைப்பது, ஐஸ்கிரீம் கூடாது என்பது எல்லாம் அதிகாரம் இல்லையா?

2016 ரியோ ஒலிம்பிக் பாட்மிண்டனில் பி.வி. சிந்து வெள்ளி வென்றதும், மூன்று மாதங்களாக அவருடைய போனைத் தான் எடுத்து வைத்திருந்ததாகவும், இனி அதைத் திருப்பிக் கொடுப்பேன், ஐஸ்கிரீமும் சாப்பிடலாம் என்றும் அவருடைய கோச் கோபிசந்த் சொன்னார். அதைக் கேட்டுப் பல ஊர்களில் பல கோச்சுகள் பிள்ளைகளின் போனை வாங்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் கவனிக்காமல் விட்ட சில விஷயங்கள் உண்டு. சிந்துவுக்கு அப்போது 21 வயது. சிறு வயதிலிருந்தே கோபிசந்தின் அகாடமியில் வளர்ந்தவர். கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருந்தது, முடிவுத் தேதியும் இருந்தது. காரணமும் முடிவுத் தேதியும் உள்ள கட்டுப்பாட்டைப் பிள்ளைகள் ஆச்சரியப்படும் அளவுக்கு ஏற்றுக்கொள்வார்கள். "நான் சொன்னா கேளு" என்ற கட்டுப்பாட்டை ஏற்பதுபோல் நடித்துவிட்டு இன்னொரு போன் வைத்துக்கொள்வார்கள்.

கோச் சொல்வதை அப்படியே செய்தால் போதாதா? பிள்ளை ஏன் தானாக யோசிக்க வேண்டும்?

போட்டி நடக்கும்போது கோச் உள்ளே வர முடியாது என்பதால்தான். செஸ்ஸில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

சென்னையைச் சேர்ந்த குகேஷுக்குச் சிறு வயதில் பயிற்சி கொடுத்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா ஒரு விநோதமான முடிவு எடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் கணினி எஞ்சினை, அதாவது நகர்வுகளைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளைத் திறந்து வைத்து "சரியான" நகர்வைத் தெரிந்துகொண்டிருந்த காலத்தில், குகேஷை அதிலிருந்து விலக்கி வைத்தார். பையன் தானே கணக்குப் போட வேண்டும், தன் தீர்ப்பைத் தானே நம்பப் பழக வேண்டும் என்பது நோக்கம். 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதம் 17 நாளில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எஞ்சின் பக்கம் பெரிதாகப் போகாமலே அது நடந்தது.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப்பை நினைத்துப் பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. 11-ஆவது ஆட்டத்தில் முன்னிலை, 12-ஆவதில் அதையும் இழந்தார். கடைசியான 14-ஆவது ஆட்டத்தில், டிரா என்று எல்லாரும் நினைத்திருந்த நிலையில், விடாமல் ஆடிக்கொண்டிருந்து வென்றார். புள்ளிகள் 7.5–6.5, வயது 18. அதற்குள் அவரோடு போலந்தின் கஜெவ்ஸ்கி தலைமையில் ஒரு குழுவும், மனப் பயிற்சிக்கு பாடி அப்டனும் சேர்ந்திருந்தார்கள். ஆனால் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஒருவர்தான்.

எஞ்சினைத் தடை செய்வதுதான் எல்லாருக்கும் வழி என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் விளையாட்டில் எஞ்சினின் இடத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். பல மைதானங்களில் அது கோச்தான். ஒவ்வொரு பந்துக்கும் எல்லைக்கோட்டிலிருந்து கத்தி வழிநடத்தப்படும் பிள்ளை, அந்தக் குரல் இல்லாத ஊரில் தடுமாறும்.

எந்த வயதில் போட்டிக்கு அனுப்பலாம்? ஒரே விளையாட்டில் சிறு வயதிலேயே இறக்கிவிட வேண்டுமா?

நார்வேயில் சிறுவர் விளையாட்டுக்கு என்றே உரிமை விதிகள் இருக்கின்றன. 1987-இல் வந்து 2007-இல் திருத்தப்பட்டவை. பிள்ளைக்கு 11 வயது ஆகும் முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. தேசிய சாம்பியன்ஷிப் போன்றவை 13 வயதிலிருந்துதான். இப்படி "சோம்பேறியாக" வளர்க்கும், சுமார் 55 லட்சம் மக்கள் மட்டுமே உள்ள நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களும் 2022-இல் 37 பதக்கங்களும் வாங்கி இரண்டு முறையும் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பணக்கார நாடு, பனி விளையாட்டு, நமக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தடகளத்திலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோல்ம் 2013-இல் உலக இளையோர் போட்டியில் எட்டு விளையாட்டுகள் சேர்ந்த ஆக்டத்லானில் தங்கம் வென்றவர். 400 மீட்டர் தடை ஓட்டத்துக்கு அதற்குப் பிறகுதான் முழுதாக வந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 45.94 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் எடுத்தார். அவருக்கும் கோச் லெய்ஃப் ஓலாவ் அல்னெஸுக்கும் ஏறக்குறைய நாற்பது வயது வித்தியாசம். சேர்ந்து சிரிப்பதைப் பார்த்தால் இரண்டு பள்ளிப் பையன்கள் மாதிரி இருக்கும்.

ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி சில விளையாட்டுகளில் சீக்கிரம் தொடங்கித்தான் ஆக வேண்டும். ஓட்டம், தாண்டுதல், பெரும்பாலான பந்து விளையாட்டுகளுக்கு அந்த அவசரம் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை வாரத்தில் ஆறு நாள் 800 மீட்டர் ஓடவைப்பவரிடம் காரணம் கேளுங்கள்.

முறை எப்படி இருந்தால் என்ன, பதக்கம் வருகிறதே?

இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கெரி ஸ்ட்ரக், வயது 18. ஓடிவந்து கருவியில் கை ஊன்றித் தாண்டும் வால்ட்டில், முதல் முறை விழுந்து கணுக்காலில் அடி. "உன்னால் முடியும்" என்று கோச் பேலா கரோலி கத்துகிறார். ஸ்ட்ரக் மறுபடி ஓடி, தாண்டி, ஒற்றைக் காலில் நின்று, சரிந்து விழுகிறார். அமெரிக்காவுக்குத் தங்கம். கரோலி அவரைக் கையில் தூக்கிக்கொண்டு போகும் படம் உலகம் முழுக்கப் போனது. பிறகு கணக்குப் பார்த்தால் அந்த இரண்டாவது தாண்டல் இல்லாமலே தங்கம் உறுதியாகியிருந்தது. ஸ்ட்ரக் அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆடவில்லை.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக். அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியில் ஒரு வால்ட் முடித்ததும் காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்று உணர்ந்து விலகினார். அந்த நிலையில் தொடர்ந்தால் கழுத்து முறியலாம். கோச்சுகள் செசில், லாரன் லாந்தி தம்பதி அவருடைய முடிவை ஏற்றுக்கொண்டார்கள். விலகியவர் கோழை என்று எழுதியவர்கள் உண்டு. 2024 பாரிஸில் அதே கோச்சுகளோடு திரும்பி வந்து, 27 வயதில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான் இன்னும் முக்கியம். டெக்சாஸில் கரோலி தம்பதியின் பண்ணையில் தேசிய அணிக்குப் பயிற்சி முகாம்கள் நடந்தன. பெற்றோருக்கு அனுமதி கிடையாது. வலிக்கிறது என்று சொன்னால் அணியில் இடம் போகும் என்ற பயம். வாயைத் திறக்காமல் இருப்பதே நல்ல வீராங்கனைக்கு அடையாளம். அணி மருத்துவர் லாரி நாசர் பல ஆண்டுகள் சிறுமிகளிடம் பாலியல் குற்றம் செய்தது இந்தச் சூழலுக்குள்தான். 2018 ஜனவரியில் மிஷிகன் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்டவர்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். பைல்ஸும் அவரால் பாதிக்கப்பட்டவர். அந்த ஆண்டுகளில் பதக்கங்கள் வந்துகொண்டேதான் இருந்தன.

பெண் பிள்ளையின் எடையைப் பற்றி கோச் பேசலாமா?

எல்லார் முன்னாலும் எடை பார்ப்பது, குண்டு என்று பட்டப்பெயர் வைப்பது, சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வது, மூன்றும் கூடாது. மேரி கெய்ன் என்ற அமெரிக்க ஓட்டக்காரி 17 வயதில் நாட்டின் மிகப் பெரிய நம்பிக்கையாக இருந்தவர். பிரபலமான ஒரு பயிற்சிக் குழுவில் எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதால் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றது, ஐந்து எலும்பு முறிவுகள் ஏற்பட்டன என்று 2019-இல் அவரே வெளியில் சொன்னார்.

மாதவிடாய் நின்றால் "நல்லா பிராக்டிஸ் பண்றா, அதான்" என்று சொல்வதை நம் ஊரிலும் கேட்டிருக்கிறேன். உடலுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள். ஆண் கோச்சாக இருந்தால், "இன்னிக்கு முடியல சார்" என்று காரணம் விளக்காமல் ஒரு பெண் பிள்ளை சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காகத்தான் சேர்த்தோம். அது தப்பா?

தப்பில்லை. கல்லூரி இடமும் அரசு வேலையும் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும். ஆனால் கோட்டாவுக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு இந்த ஆண்டே மாவட்டத்தில் இடம் வேண்டும் என்று கணக்கு சுருங்கும்போது கோச்சின் முறையும் சேர்ந்து சுருங்குகிறது. 14 வயதில் ஜெயிக்கவைக்கும் வேலையில், 20 வயதில் தேவைப்படும் அடிப்படை விடுபடும். வயதைக் குறைத்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆசையும் இங்கேதான் பிறக்கிறது. கோச்சிடம் "இந்த வருஷம் என்ன வரும்?" என்று கேட்பதோடு "மூன்று வருஷத்தில் இவள் என்ன கற்றிருப்பாள்?" என்றும் கேளுங்கள்.

நாங்கள் கிரவுண்டில் உட்கார்ந்து பார்க்கலாமா?

தாராளமாக. பெற்றோர் வரவே கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டாம். வந்து கத்த மட்டும் வேண்டாம், பிள்ளைக்கு ஒரு கோச் போதும்.

தப்பான தொடுதல், தப்பான மெசேஜ் என்று பிள்ளை சொன்னால்?

முதலில் நம்புங்கள். "சார் அப்படிப்பட்டவர் இல்லையே" என்ற ஒரு வாக்கியம் போதும், பிள்ளை அடுத்த முறை சொல்லாது. 18 வயதுக்குக் கீழே என்றால் இது, சிறுவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வரும் குற்றம். அகாடமிக்குள்ளேயே பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை. 1098 என்ற சிறுவர் உதவி எண்ணையோ காவல் நிலையத்தையோ அணுகலாம். ஆதாரத்தை அழித்துவிடாதீர்கள்.

கோச்சை மாற்றலாமா? நன்றி கெட்ட செயல் ஆகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் பல பெற்றோர் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். முதலில் கோச்சிடம் நேரில் பேசுங்கள், பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது. "வீட்டில் இப்படி இருக்கிறாள், நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?" என்று தொடங்கினால் பெரும்பாலான கோச்சுகள் இறங்கி வருவார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்று வலி வருகிறது, தூக்கம் கெடுகிறது, தப்பு செய்ததை மறைக்கிறாள் என்றால் மாற்றுங்கள். நேரில் போய்ச் சொல்லிவிட்டு, பாக்கிக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடிப்படை கற்றுக்கொடுத்தவர் என்ற மரியாதையை வீட்டில் காப்பாற்றுங்கள். புது இடத்தில் பழைய கோச்சைப் பற்றிப் பிள்ளை முன்னால் பேசாதீர்கள். புது கோச்சிடம் முதல் நாள் பதக்கப் பட்டியலைக் காட்டாமல், பிள்ளைக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.